டிஸ்சார்ஜ் ஆன பிறகும் நிற்காத மாத்திரைகள்

அம்மாவை நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்த்தது ஒரு கதை. குணமாகி வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது இன்னொரு கதை. முதல் கதையில் எனக்குப் புகார் இல்லை. நுரையீரல் தொற்றுக்குச் சரியான ஆன்டிபயாடிக்கைத் தாமதிக்காமல் கொடுத்தார்கள், அம்மா பிழைத்தார். இரண்டாவது கதைக்காகத்தான் இதை எழுதுகிறேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் போனது. ஒரு எலும்பு முறிவு, இன்னொரு அட்மிஷன், எனக்குச் சம்பளமில்லா விடுப்பு, சேமிப்பில் கணிசமான பகுதி காலி. கடைசியில் தெரிந்தது என்னவென்றால், இதில் பெரும்பகுதி நோயால் வந்ததே இல்லை. மருத்துவமனையில் ஆரம்பித்து, யாரும் நிறுத்தாமல் விட்ட மாத்திரைகளால் வந்தது. யாராவது ஒருவர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அப்போது பல இரவுகள் நினைத்தேன்.

எப்படி ஆரம்பித்தது என்பதைச் சொல்கிறேன். சேர்த்த அன்றைக்கே டிரிப்ஸ் வழியாக, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் ஊசி போட்டார்கள். அம்மாவுக்கு வயிற்றுப் புண்ணோ நெஞ்செரிச்சலோ இருந்ததே இல்லை. எதற்கு என்று கேட்டதற்கு, "அட்மிட் ஆகிற எல்லாருக்கும் போடுறதுதாங்க" என்றார் நர்ஸ். சரி என்று விட்டோம். வார்டில் இரவு முழுக்க விளக்கு, மானிட்டர் சத்தம், விடியற்காலையில் ரத்தம் எடுக்க எழுப்புவது. அம்மாவால் தூங்க முடியவில்லை. அல்பிரசோலம் எழுதினார்கள். அடுத்த இரவே அம்மா மனம் தடுமாற ஆரம்பித்தார். என்னைத் தன் தங்கை என்று நினைத்துக்கொண்டு பேசினார், டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினார். அதற்கு குவெட்டியாபின் என்ற மனநல மருந்து. தடுமாற்றத்துக்குக் காரணம் தேடிச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள். அதில் கிருமி வளர்ந்ததால் இன்னொரு ஆன்டிபயாடிக். காய்ச்சலும் பயமுமாக இருந்தவருக்கு ரத்த அழுத்தம் ஏறியது. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்லோடிபின் 5 மில்லிகிராமை 10 ஆக்கினார்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. யாரும் அலட்சியமாக நடந்துகொள்ளவில்லை. அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது இவ்வளவு கஷ்டம் என்று இப்போது தோன்றுகிறது. மூன்று ஷிஃப்டில் மூன்று டியூட்டி டாக்டர்கள் ஆளுக்கு ஒரு மருந்து சேர்த்திருந்தார்கள். முழுப் பட்டியலையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, இதில் எது இனி வேண்டாம் என்று முடிவு செய்வது யாருடைய வேலையாகவும் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு நீண்ட பட்டியல் வந்தது. ஆன்டிபயாடிக்குக்கு மட்டும் எத்தனை நாள் என்று எழுதியிருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் எதிரில் 'தொடரவும்' என்ற ஒரே சொல்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான் என்றால், இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று விஷயம் கேளுங்கள். இது எதற்கு, எதுவரைக்கும், யார் பார்த்து நிறுத்துவார். மூன்றாவது கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வார்டு டாக்டர் குடும்ப டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் எழுதியதை நாம் ஏன் தொட வேண்டும் என்று குடும்ப டாக்டர் நினைக்கிறார். நடுவில் மாத்திரை பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. கேட்கும்போது பட்டியலில் எவையெல்லாம் இங்கே வந்த பிறகு புதிதாகச் சேர்ந்தவை, எவை பழையவை, எதற்கு டோஸ் மாறியது என்று பேனாவால் குறித்துக் கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் பழைய டப்பாவையும் புதியதையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுகிற ஆபத்தும் இதில் குறையும். ஒரே மருந்துக்கு இரண்டு பிராண்டு பெயர் இருந்தால் நமக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து சில வாரங்களில் அம்மாவின் கணுக்கால்கள் வீங்கின. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். இதயத்தையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்தார்கள், அதற்கு ஒரு செலவு, எல்லாம் நன்றாக இருந்தது. நீர் இறங்க ஃபுரோசமைட் எழுதினார்கள், காலை ஒன்று, மாலை ஒன்று. வீக்கம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அம்மா ராத்திரி நாலைந்து முறை எழுந்து கழிவறைக்குப் போக ஆரம்பித்தார்.

அம்லோடிபினின் மருந்துக் குறிப்பேட்டிலேயே இருக்கிற விஷயம் இது. 5 மில்லிகிராமில் சுமார் 3 சதவீதம் பேருக்குக் கால் வீக்கம் வந்தது, 10 மில்லிகிராமில் அது 10.8 சதவீதம். பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். இந்த மருந்து சிறு தமனிகளை விரிக்கிறது, சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. அதனால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது. உடம்பில் மொத்தமாக நீர் கூடியதால் வந்த வீக்கம் இல்லை என்பதால் நீர் மாத்திரை இதற்குச் சரியாகக் கேட்காது. டோஸைக் குறைத்திருந்தால் போதும். இப்படி ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து எழுதுவதை பவுலா ரோச்சன், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1990களிலேயே விளக்கி, அதற்கு 'பிரிஸ்கிரைபிங் கேஸ்கேட்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த வரிசை அப்படியே நடந்தது. தூக்க மாத்திரை, அதனால் தடுமாற்றம், அதற்கு குவெட்டியாபின். பிரஷர் மாத்திரை, அதனால் வீக்கம், அதற்கு நீர் மாத்திரை.

மருத்துவமனையில் இருக்கும்போது ஏறுகிற ரத்த அழுத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வலி, காய்ச்சல், தூக்கமின்மை, பயம் எல்லாமே அதை ஏற்றும். வேறு காரணத்துக்காகச் சேர்ந்த முதியவர்களுக்கு பிரஷர் மருந்தைக் கூட்டி அனுப்புவது பற்றி அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடம் ஆராய்ந்து 2019ல் வெளியிட்டார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்கள் ஒரு மாதத்துக்குள் மறுபடி அட்மிட் ஆனது அதிகம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ரத்த அழுத்தமும் ஒன்றும் பெரிதாக மேம்பட்டிருக்கவில்லை. அதனால் பிரஷர் மாத்திரையைக் கூட்டி அனுப்பினால், வீட்டுக்கு வந்து உடம்பு தேறியதும் சில நாள் அளந்து எழுதி வைத்து, அந்தக் கணக்கோடு டாக்டரைப் பாருங்கள்.

இந்த ஒரு வருடத்தில் எனக்கு மிகவும் வலித்தது பணம் இல்லை. அம்மா மாறிப்போனது. பகலெல்லாம் தூக்கம், பேச்சில் ஒரு மந்தம், கேட்டதையே திரும்பக் கேட்பது. கணக்கு வழக்கில் புலி என்று பெயர் வாங்கியவர் மின்கட்டண ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு புரியாமல் உட்கார்ந்திருந்தார். மறதி நோய்தான் வந்துவிட்டது என்று நானும் தம்பியும் முடிவே செய்துவிட்டோம். மூளை ஸ்கேன் எடுத்தோம். முதியோர் பராமரிப்பு இல்லங்களை விசாரித்தோம். யார் வேலையை விடுவது என்று எனக்கும் தம்பிக்கும் நடந்த சண்டையில் இரண்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. அம்மாவிடம் எரிந்து விழுந்த நாட்களும் உண்டு. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு ஒரு முதியவரின் நடையோ பேச்சோ நினைவோ திடீரென்று மாறினால், வயதாகிவிட்டது என்ற முடிவுக்குப் போவதற்கு முன்னால் மாத்திரைப் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991லேயே முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைப் பட்டியலிட்டார். இன்றுவரை அதைப் புதுப்பித்து வருகிறார்கள். அல்பிரசோலம் சேர்ந்த குடும்பமான பென்சோடயசெபைன்கள் அதில் இருக்கின்றன. தடுமாற்றம், விழுதல், எலும்பு முறிவு என்று காரணமும் எழுதியிருக்கிறது.

அம்மா விழுந்தது ஒரு ராத்திரியில், கழிவறைக்குப் போகும் வழியில். மணிக்கட்டு முறிந்தது. மாலையில் நீர் மாத்திரை, அதனால் இரவில் எழ வேண்டிய அவசரம். கூடவே தூக்கக் கலக்கம். குவெட்டியாபின் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைக் கீழே இறக்கும், பிரஷர் மாத்திரையும் இறக்கும். நான்கு மருந்தும் சேர்ந்து ஒரே திசையில் தள்ளின. அவர் அதற்கு முன்பே விழாததுதான் ஆச்சரியம்.

இரண்டாவது அட்மிஷன் வேறு இடத்தில். ரத்தத்தில் மெக்னீசியமும் பொட்டாசியமும் மிகக் குறைவு. பொட்டாசியம் ஏற்றியும் ஏறவில்லை. மெக்னீசியம் சரியானால்தான் பொட்டாசியம் நிற்கும் என்றார் அங்கிருந்த முதியோர் நல மருத்துவர். ஏன் இறங்கியது என்று கேட்டதற்கு, நீர் மாத்திரையும் பான்டோபிரசோல் என்ற கேஸ் மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை என்றார். கேஸ் மாத்திரையா? எனக்கு நம்ப முடியவில்லை. வீட்டில் யாரும் மருந்தாகவே மதிக்காத மருந்து அது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011லேயே, நீண்ட நாள் இந்த வகை மருந்து எடுப்பவர்களுக்கு மெக்னீசியம் குறையலாம் என்று எச்சரித்திருக்கிறது. அவர்கள் பார்த்த நோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் கொடுத்து மட்டும் சரியாகவில்லை, மாத்திரையை நிறுத்த வேண்டியிருந்தது.

அந்த மருத்துவரும் மருத்துவமனையின் மருந்தாளுநர் ஒருவரும் அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்த எல்லா டப்பாக்களையும் வெளியே எடுத்து வைத்தார்கள். இது எதுக்கு ஆரம்பிச்சது, அந்தக் காரணம் இன்னும் இருக்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் நாங்கள் பார்த்த எந்த இடத்திலும் யாரும் அந்த அரை மணி நேரத்தைச் செலவழிக்கவில்லை.

கேஸ் மாத்திரையைப் பற்றி அன்று கேட்டதுதான் என்னை மிகவும் உலுக்கியது. கடுமையான நோயில் இரைப்பையில் ரத்தக் கசிவு வரலாம் என்பது உண்மை. அதைத் தடுக்கத்தான் இதைப் போடுகிறார்கள். ஆனால் யாருக்கு? 1994ல் டெபோரா குக் குழுவினர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 2,252 பேரைப் பின்தொடர்ந்தார்கள். 48 மணி நேரத்துக்கு மேல் வென்டிலேட்டரில் இருப்பது, ரத்தம் உறைவதில் கோளாறு, இந்த இரண்டில் ஒன்றாவது இருந்தவர்களில் 3.7 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க ரத்தக் கசிவு வந்தது. இரண்டும் இல்லாதவர்களில் 0.1 சதவீதம், அதாவது ஆயிரத்தில் ஒருவர். ஐசியுவில் இருந்தவர்கள் கணக்கே இது. அம்மா சாதாரண வார்டில், டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். அவருக்கு இது தேவையே இல்லை. 2013ல் அமெரிக்க மருத்துவமனை மருத்துவர்கள் சங்கமே, அதிக ஆபத்து இல்லாத வார்டு நோயாளிகளுக்கு இதை எழுத வேண்டாம் என்று தங்கள் உறுப்பினர்களிடம் சொல்லியிருக்கிறது.

அப்புறம் ஏன் எல்லாருக்கும் போகிறது? பல இடங்களில் அட்மிஷன் படிவத்திலேயோ கணினியிலேயோ அந்தக் கட்டம் முதலிலேயே டிக் ஆகியிருக்கும் என்றார் அந்த மருந்தாளுநர். வேண்டாம் என்றால்தான் யோசித்து எடுக்க வேண்டும், வேண்டும் என்றால் யோசிக்க வேண்டியதில்லை. நடுராத்திரியில் இருபது நோயாளிகளைப் பார்க்கிற இளம் டாக்டரிடம் அந்த யோசனையை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. அந்த டிக்கை எடுத்துவிட்டு, போட விரும்புகிறவர் காரணத்தையும் முடிவுத் தேதியையும் எழுத வேண்டும் என்று மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது அவர் கருத்து. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

நிறுத்துவது தொடங்குவதைப் போல எளிதாக இருக்கவில்லை. தயவுசெய்து இதை அவசரமாகப் படிக்காதீர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்ட அல்பிரசோலத்தை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். அம்மாவுக்கு வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். முதல் சில வாரம் தூக்கமே இல்லை, எரிச்சல், அழுகை. அது மாத்திரை வேண்டும் என்பதற்கான அடையாளம் இல்லை, குறைப்பதால் வருகிற தற்காலிகக் கஷ்டம் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால்தான் தாங்கிக்கொண்டோம். ஃபுரோசமைடை நிறுத்தி அம்லோடிபினைப் பழைய 5க்கே கொண்டு வந்தார்கள், வீக்கம் வடிந்தது. குவெட்டியாபினையும் படிப்படியாக எடுத்தார்கள்.

பான்டோபிரசோலை நிறுத்தியபோது, வாழ்நாளில் நெஞ்செரிச்சலே அறியாத அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் வந்தது. நீண்ட நாள் அமிலத்தை அடக்கி வைத்திருந்தால், விட்டதும் வயிறு வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும். டென்மார்க்கில் எந்த நோயும் இல்லாத 120 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2009ல் வெளியானது. பாதிப் பேருக்கு எட்டு வாரம் இதே வகை மாத்திரை கொடுத்து நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு அவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொந்தரவு வந்தது, மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான். இது தெரியாவிட்டால் என்ன நடக்கும்? மாத்திரையை நிறுத்தினால் எரிகிறது, ஆகவே மாத்திரை அவசியம் என்று திரும்ப ஆரம்பித்துவிடுவோம். எத்தனை பேர் இப்படி வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்களோ! அம்மாவுக்கு முதலில் டோஸைப் பாதியாக்கி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்து, எரியும்போது மட்டும் சாதாரண ஆன்டாசிட் திரவம் கொடுக்கச் சொன்னார்கள். சில வாரங்களில் அடங்கிவிட்டது.

ஆனால் இந்த மாத்திரை உண்மையாகவே தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பு இரைப்பையில் ரத்தக் கசிவு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெல் போன்ற இன்னொரு மருந்தும் எடுப்பதால் கசிவு ஆபத்து கூடியவர்கள், வயதான காலத்தில் தினமும் இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை எடுப்பவர்கள், உணவுக்குழாயில் கடுமையான பாதிப்பு உள்ளவர்கள். அவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்தினால் ஆபத்து.

சிறுநீரில் கிருமி என்று கொடுத்த ஆன்டிபயாடிக்கும் அநேகமாகத் தேவையில்லாததுதான். எரிச்சலோ காய்ச்சலோ எதுவும் இல்லாமலே பல முதிய பெண்களுக்குச் சிறுநீரில் கிருமி இருக்கும். நீண்ட காலப் பராமரிப்பு இல்லங்களில் இருக்கும் பெண்களில் 25 முதல் 50 சதவீதம் பேருக்கு இப்படி இருப்பதாகக் கணக்கு. தொந்தரவு இல்லாத கிருமிக்கு மருந்து கொடுத்தால் வயிற்றுப்போக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்தான் மிச்சம்.

மருத்துவமனையில் தூக்கம் வராதவருக்கு மாத்திரை இல்லாமல் என்ன செய்வது? இரண்டாவது அட்மிஷனில் பார்த்தேன். அம்மாவின் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் வீட்டிலிருந்து எடுத்து வரச் சொன்னார்கள். பகலில் ஜன்னல் திரையை விலக்கி, நாற்காலியில் உட்கார வைத்து, கொஞ்சமாவது நடக்க வைத்தார்கள். இரவில் விளக்கைக் குறைத்தார்கள், நிலைமை சீராக இருந்ததால் நள்ளிரவு பிரஷர் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். இவ்வளவு சாதாரணமான வேலைகளா என்று தோன்றும். ஷாரன் இனோயே குழுவினர் 1999ல் வெளியிட்ட ஆய்வில், 852 முதிய நோயாளிகளில் பாதிப் பேருக்கு இதே மாதிரி ஏற்பாடுகளைச் செய்து பார்த்தபோது, இப்படி மனம் தடுமாறும் குழப்பநிலை அவர்களில் 9.9 சதவீதம் பேருக்கு வந்தது, வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு. கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் மூன்றையும் ஆம்புலன்ஸில் ஏறும்போதே பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் கேட்பதற்குத் தயக்கமாக இருக்கும், எனக்கும் இருந்தது. கூகுள் பார்த்துட்டு வந்தீங்களா என்று ஒருவர் கேட்டார், முகம் சிவந்துவிட்டது. இது வேண்டாமே என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "டாக்டர், இது இன்னும் தேவையான்னு ஒரு தடவை பாக்க முடியுமா?" என்று கேட்டால் அநேகம் பேர் நிஜமாகவே பார்க்கிறார்கள். கனடாவில் தூக்க மாத்திரை சாப்பிடும் முதியவர்களிடம், அதன் ஆபத்தையும் குறைக்கும் முறையையும் விளக்கும் ஒரு சிறு கையேட்டை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2014ல் வெளியான முடிவு: ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் முழுவதுமாக நிறுத்தியிருந்தார்கள், கையேடு கிடைக்காதவர்களில் 5 சதவீதம்தான். நோயாளியின் பக்கமிருந்து கேள்வி போனாலே விஷயம் நகர்கிறது.

அம்மா இப்போது பிரஷர் மாத்திரை ஒன்றுதான் எடுக்கிறார். மறதி நோய் இல்லை. என் சம்பளக் கணக்கில் தப்பு கண்டுபிடிக்கிற அளவுக்குத் தெளிவாக இருக்கிறார். மணிக்கட்டு மட்டும் முழுசாகத் திரும்பவில்லை, குளிரில் வலிக்கிறது. தம்பியும் நானும் பேசிக்கொள்கிறோம். சமீபத்தில் பல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சீட்டில் மறுபடி பான்டோபிரசோலைப் பார்த்ததும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. எதற்கு என்று கேட்டேன். வலிக்கு இபுப்ரோஃபென் எழுதியிருக்கிறேன், இந்த வயதில் அது வயிற்றைப் புண்ணாக்கலாம், அதனால் வலி மாத்திரை எடுக்கிற ஐந்து நாள் மட்டும் இது, ஆறாம் நாள் இரண்டையும் நிறுத்திவிடுங்கள் என்றார் பல் டாக்டர். கேட்டதும் அதையே சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். ஐந்து நாள் கொடுத்தோம், நிறுத்தினோம்.